சிவக்கும் கள்ளி நாற்றுகள்: வெயில் கூடிவிட்டதா, வேர் போய்விட்டதா?

பாளை மாடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெரிய கள்ளிச் செடிகள் ஐந்தாறு ஆண்டுகளாக எங்கள் மாடியில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். விதை போட்டு வளர்ப்பது இதுதான் முதல் முறை. நாற்றுகளின் போக்கு பிடிபடவில்லை.

மாசிக் கடைசியில் மூன்று வகை விதைத்தேன்: அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டீரியாஸ், ஜிம்னோகேலிசியம் மிஹானோவிச்சி, ஃபெரோகாக்டஸ். மூன்றாவதன் பொட்டலத்தில் ‘கலவை’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன இனமோ தெரியாது. பிரியாணி வாங்கிவந்த மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள்தான் தொட்டி. சலித்த ஆற்று மணல், செங்கல் பொடி, கொஞ்சம் மண்புழு உரம். அஸ்ட்ரோஃபைட்டம் மூன்றே நாளில் முளைத்தது, மற்றவை ஒரு வாரம் எடுத்துக்கொண்டன. எல்லாமே நல்ல பச்சை.

சித்திரை பிறந்ததும் இடம் மாற்றினேன். அஸ்ட்ரோஃபைட்டம் டப்பாவின் மூடியை எடுத்துவிட்டுக் கிழக்குப் பார்த்த பால்கனியில் வைத்தேன். காலையில் ஒன்பது, ஒன்பதரை வரை வெயில் விழும். ஜிம்னோகேலிசியத்தை இணையத்தில் வாங்கிய ஊதா நிற வளர்ப்பு விளக்கின்கீழ் வைத்தேன். ஃபெரோகாக்டஸ் பழைய இடத்திலேயே, அலமாரியில் எல்.இ.டி. டியூப் லைட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது.

இப்போது நிலைமை இது. பால்கனியில் இருப்பவை மேலே செங்கல் நிறமாகிவிட்டன, பச்சை பெரும்பாலும் போய்விட்டது. ஊதா விளக்கின்கீழ் இருப்பவை கிட்டத்தட்டக் கருப்பு. அதில் ஒன்று மட்டும் முளைத்த நாள் முதலே பளிச்சென்று இளஞ்சிவப்பாக, பச்சையே இல்லாமல் இருக்கிறது. அலமாரியில் இருப்பவை வெளிறி, ஒல்லியாக நீண்டு, விளக்குப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன.

அம்மா பார்த்துவிட்டு, “வெயிலில் வைத்துக் கருக்கிவிட்டாய்” என்கிறார். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாமா? எதைக் காப்பாற்ற வேண்டும், எதை அப்படியே விட வேண்டும்?

மதுரைத் தோட்டம் எழுதியது:

சிவந்தால் பெரும்பாலும் பூஞ்சைதான் நண்பரே. நாற்றுப் பருவத்தில் அழுகல் வேகமாகப் பரவும். உடனே பூஞ்சைக்கொல்லி கலந்து தெளியுங்கள். தாமதித்தால் டப்பா முழுவதும் போய்விடும்.

கோவை முள்வேலி எழுதியது:

தம்பி, மருந்து எதையும் கையில் எடுக்க வேண்டாம். மதுரை நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அழுகலின் அடையாளம் வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

முதல் வேலையாக ஜிம்னோகேலிசியம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். ஊதா விளக்கின்கீழ் செடியின் நிறத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. அந்த விளக்கு பெரும்பாலும் சிவப்பையும் நீலத்தையும்தான் உமிழ்கிறது. பச்சை இலை எதிரொளிப்பதற்குப் பச்சை ஒளி வேண்டுமே? அது இல்லாதபோது ஆரோக்கியமான செடியும் கருப்பாகத்தான் தெரியும். கைபேசியில் படம் எடுத்தால் இன்னும் மோசம், கேமரா தன் இஷ்டத்துக்கு ஒரு நிறத்தைப் பூசிவிடும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியோடு பாருங்கள். பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கும் காரணம் உண்டு: மிஹானோவிச்சியின் இயல்பு நிறமே பழுப்பு கலந்த பச்சைதான். பராகுவே நாட்டுச் சாக்கோ புதர்க்காட்டில், செடிகளின் அடியில் வளர்வது அது. வளர வளர உடம்பின் மேடான வரிகளில் வெளிர் பட்டைகள் குறுக்கே வரும். அழகான செடி. அதைப் பச்சையாக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

இனி அந்த அஸ்ட்ரோஃபைட்டம்.

கள்ளிக் குடும்பத்தின் சிவப்பு, ரோஜாவின் சிவப்போ நாவல்பழத்தின் ஊதாவோ இல்லை. அவற்றில் இருப்பது ஆந்தோசயனின். கள்ளியில் இருப்பது பீட்டாலைன் என்னும் சாயம்: பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, காகிதப்பூ, டிராகன் பழம் எல்லாவற்றிலும் இருக்கும் அதே குடும்பத்துச் சாயம். சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்று நாக்கையும் சட்டையையும் சிவப்பாக்கிக்கொண்டு வீட்டில் அடி வாங்கியவர்களுக்கு அது நன்றாகவே பழக்கம். இந்த இரண்டு சாயங்களும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதாக இதுவரை யாரும் கண்டதில்லை. நாற்று தாங்கக்கூடியதைவிட வெளிச்சம் அதிகமாக விழும்போது, மேல்தோலில் இந்தச் சாயத்தைச் சேர்த்துக்கொள்கிறது. செடி தானே விரித்துக்கொள்ளும் நிழல்வலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பச்சையம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மேலே விழுந்த சிவப்பு அதை மறைக்கிறது.

ஆகவே ‘சிவந்திருக்கிறதா’ என்று கேட்டுப் பயனில்லை. எங்கே சிவந்திருக்கிறது என்று கேளுங்கள். ஒரு நாற்றைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தோளில் சிவப்பு, மண்ணை ஒட்டிய இடுப்பில் பச்சை, அதிலும் கிழக்குப் பக்கம் கூடுதல் சிவப்பு என்றால் அது வெயிலின் வேலை. பிறகு சாமணத்தின் மழுங்கிய முனையால் மெல்லத் தொடுங்கள். கெட்டியாக, உப்பலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேர் போனதால் வரும் சிவப்பு இப்படி இருக்காது. நிழல் பக்கம், வெயில் பக்கம் என்ற வேறுபாடு இல்லாமல் உடம்பு முழுவதும் மங்கிய செம்பழுப்பாக மாறும், மேல்பகுதி குழியும், தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஆனாலும் உப்பாது. லேசாக இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்துவிடும். மண்புழு உரம் போட்ட ஈர மண்ணில் குட்டிக் கருப்பு ஈக்கள் முட்டையிடும். அவற்றின் கண்ணாடி நிறப் புழுக்கள் நாற்றின் வேரைத்தான் தின்னும். உங்கள் டப்பாவைத் தட்டினால் ஈ பறக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை நாற்று மண்ணில் அந்த உரத்தைத் தவிர்த்துவிடுங்கள், முதல் இரண்டு மாதத்துக்கு அது தேவையே இல்லை.

அழுகல் என்றால் மண்மட்டத்தில் தொடங்கும். அந்த இடம் நீர் கோத்ததுபோல் கண்ணாடியாகி, பழுப்பாகி, நாற்று படுத்துவிடும். மேலிருந்து கீழே வருவது வெயில், கீழிருந்து மேலே போவது அழுகல். நாற்றுப் பருவத்தில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே பாதி மருந்துச் செலவு மிச்சம்.

உங்கள் செடிகள் ஏன் இவ்வளவு வேகமாகச் சிவந்தன என்பதும் புரிகிறது. மூடியை எடுத்ததும் வெளியே வைத்ததும் ஒரே நாளில். வெளிச்சம் கூடியது, காற்றின் ஈரம் குறைந்தது, மண்ணின் மேல்பரப்பு காய்ந்தது, மூன்றும் சேர்ந்து. கிழக்கு வெயில் இளவெயில் என்று பேர்தானே ஒழிய, சித்திரையில் பாளையங்கோட்டையில் எட்டரை மணிக்கு அது இளவெயிலா? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயில் 1,00,000 லக்ஸை எட்டும். வீட்டுக்குள் சன்னலைவிட்டு ஓர் அடி தள்ளினாலே பெரும்பாலும் 2,000க்குக் கீழ் வந்துவிடும். நம் கண் இந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்வதால் உறைப்பதில்லை.

பாலைவனத்துச் செடிக்கு வெயில் ஆகாதா என்று கேட்பார்கள். வளர்ந்த செடிக்கு ஆகும். அரிசோனாவில் பனைமரம்போல் ஓங்கி நிற்கும் சகுவாரோ கள்ளிகூட, பிறந்த காலத்தில் பாலோ வெர்டே, மெஸ்கீட் மரங்களின் அடியில் ஒண்டிக்கொண்டுதான் உயிர் பிழைக்கிறது. முதல் 8 ஆண்டுகளில் அது வளர்வது ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. திறந்த வெளியில் விழுந்த விதைகளின் நாற்றுகள் பெரும்பாலும் தேறுவதில்லை.

செய்ய வேண்டியது: டப்பாவின் மேல் பழைய வேட்டித் துணியை ஒற்றையாகக் கட்டுங்கள், அல்லது 50 சதவீத நிழல்வலையை இரண்டாக மடித்துப் போடுங்கள். அதே இடத்திலேயே இருக்கட்டும். மண் முழுக்கக் காய விடாதீர்கள். பெரிய செடிக்குச் செய்வதுபோல் வாரக்கணக்கில் காயப்போட்டால் நாற்று தாங்காது. இரண்டு மூன்று வாரத்தில் நடுக்குருத்திலிருந்து பச்சை திரும்பும். பழைய தோலின் நிறத்தைப் பார்த்துத் தவிக்காமல், குருத்தில் புதிதாக வருவதை மட்டும் பாருங்கள்.

நீங்கள் கவலைப்படாமல் விட்ட மூன்றாவது டப்பாவுக்குத்தான் உடனே கவனம் தேவை. ஃபெரோகாக்டஸ் வெளிச்சத்துக்குப் பேயாய்ப் பறக்கிற இனம். அது வெளிறி நீள்கிறது என்றால் பட்டினி. சிவந்த நாற்று பழைய நிலைக்கு வரும். நீண்ட கழுத்து திரும்பக் குண்டாகாது. இன்றே டியூப் லைட்டுக்கு நேர் கீழே, ஒரு சாண் இடைவெளிக்குள் கொண்டுவாருங்கள். 20 வாட் டியூப்புக்கு 15 செ.மீ. கீழே என் கைபேசிச் செயலி 5,000, 6,000 லக்ஸ் காட்டுகிறது. நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிந்தால் போதும். கழுத்தைச் சுற்றி அரிசிப் பருமன் கூழாங்கல்லை மெதுவாக நிரப்பிவிடுங்கள், சாயாமல் நிற்கும். மேலே வரும் புது வளர்ச்சி அகலமாக வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெளிறிய நாற்றைப் பரிதாபப்பட்டு நேரே பால்கனிக்குக் கொண்டுபோகாதீர்கள். சிவப்பதற்குக்கூட அவகாசம் இருக்காது, வைக்கோல் நிறத்தில் வெளுத்துவிடும். அந்தத் தழும்பு சாகும்வரை போகாது.

பாளை மாடி எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. வாசலில் வைத்துப் பார்த்தேன். ஜிம்னோகேலிசியம் கருப்பே இல்லை! ஆலிவ் பச்சையில் லேசாகப் பழுப்பு ஓடுகிறது, அவ்வளவுதான். அஸ்ட்ரோஃபைட்டம் நீங்கள் சொன்னதுபோலவே தோளில் சிவப்பு, அடியில் பச்சை; கெட்டியாக இருக்கின்றன. துணி கட்டிவிட்டேன். ஈ ஒன்றிரண்டு பறந்தது உண்மை.

இரண்டு சந்தேகம் மிச்சம். அந்த இளஞ்சிவப்பு நாற்று பகலிலும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது, வெயில் படவே இல்லை. இன்னொன்று: ஃபெரோகாக்டஸில் சிலவற்றுக்குக் குருத்து மட்டும் எலுமிச்சை மஞ்சளாக இருக்கிறது, உடம்பு பச்சைதான். குழாயில் தாமிரபரணித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும் என்பதால் செடிகளுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். அதனால் இருக்குமா?

குன்னூர்ச் சரிவு எழுதியது:

தண்ணீர்க் கேள்விக்கு: இருக்கும். வெளிச்சம் போதாமல் வெளிறினால் செடி முழுவதும் வெளிறும். பழைய பகுதி பச்சையாக இருக்க, குருத்து மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை கூடினால் வேர் அதை எடுக்க முடியாது. உப்புப் படியும் ஆழ்துளைத் தண்ணீரில் இது சகஜம். டப்பா விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். மழைநீர் பிடித்து வையுங்கள். அதுவரை ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்துவைத்தாலே நாற்றுகளுக்கு ஒரு மாதம் வரும்.

முள்வேலி அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் மார்கழியில் நாற்றுகள் வெயில் கூடாமலேயே சிவக்கும். இரவுக் குளிர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், காலையில் பளீரென்று வெயில் அடிக்கும். குளிரில் செடியின் உள்வேலை மந்தமாகிவிடுவதால், வழக்கமான வெளிச்சமே அதற்கு மிகுதியாகிவிடுகிறது. அதே டப்பாவை அதே வெளிச்சத்தில், சமையலறைச் சுவரை ஒட்டிய கதகதப்பான சன்னலுக்கு மாற்றினால் சிவப்பு இறங்கிவிடும். நெல்லைக்காரருக்கு இந்தக் கவலை வராது. மலையிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொன்னேன்.

ஓசூர் ஒட்டுக்கட்டு எழுதியது:

அந்த இளஞ்சிவப்பு நாற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதுதானே இந்த டப்பாவிலேயே சுவாரசியமானது!

அது வெயிலால் சிவந்ததில்லை. பச்சையமே இல்லாமல் பிறந்தது. மற்றவற்றில் சிவப்புச் சாயம் பச்சையை மறைக்கிறது. இதில் மறைப்பதற்குப் பச்சையே இல்லை. விதைக்குள் இருந்த சேமிப்பு தீரும்வரை இருக்கும், பிறகு போய்விடும். எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும், எவ்வளவு உரம் கொடுத்தாலும் பயனில்லை. சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட அதற்கு வழியில்லை.

கடைகளில் பச்சைத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டை உட்கார்ந்திருக்குமே, அந்த ‘மூன் காக்டஸ்’ இதே இனத்திலிருந்துதான் வந்தது. ஜப்பானில் 1941இல் எய்ஜி வாட்டனாபே என்ற நாற்றங்கால்காரர் விதைத்த சுமார் 10,000 மிஹானோவிச்சி நாற்றுகளில் இரண்டு சிவப்பாக வந்தன. அவற்றை வேறு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டிப் பிழைக்கவைத்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் சிவப்பு உருண்டைகளின் கதை அங்கே தொடங்கியது.

உங்களுக்கு விருப்பம் இருந்தால் இப்போதே ஒட்டுக்கட்டலாம், காத்திருந்தால் நாற்று சுருங்கிவிடும். பெரெஸ்கியோப்சிஸ் என்னும் இலையுள்ள கள்ளி கிடைத்தால் அதுதான் நாற்றுக்குச் சிறந்த அடிச்செடி. கிடைக்காவிட்டால் டிராகன் பழக் கொடியின் இளந்துளிர். புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். அடிச்செடியின் நுனிக்குச் சற்றுக் கீழே, தண்டு இன்னும் முற்றாத இடத்தில் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டுவாயின் நடுவே சின்ன வளையம் தெரியும், அதுதான் நீர்க்குழாய். நாற்றை வேருக்கு மேலே வெட்டினால் அதிலும் ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளி வளையத்தின் ஏதாவது ஓரிடத்தைத் தொடும்படி உட்காரவைக்க வேண்டும். நட்டநடுவில் வைத்தால் பல நேரம் வளையத்துக்குள் விழுந்து ஒட்டாமல் போகும். கட்டு எதுவும் வேண்டாம், சாற்றின் பிசுபிசுப்பே பிடித்துக்கொள்ளும். அப்படியே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடி, நிழலில் வைத்துவிடுங்கள். நாலைந்து நாளில் நாற்று மினுமினுத்து உப்பினால் பிடித்துவிட்டது.

பிடித்த பிறகும் அதை வெயிலில் வைக்காதீர்கள். பச்சையம் இல்லாத தோல் சீக்கிரம் வெந்துவிடும். வெளிச்சம் தேவைப்படுவது கீழே இருக்கும் அடிச்செடிக்குத்தான்.

முள் ரசிகர் எழுதியது:

முள்வேலி அம்மா சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. சிவந்த நாற்றை எதற்குத் திரும்பப் பச்சையாக்க வேண்டும்? நான் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூட்டித்தான் வளர்க்கிறேன். ஊதாவும் செம்புமாகப் பார்க்க அவ்வளவு அழகு. உடம்பும் கெட்டியாக, தட்டையாக வருகிறது. நிழலில் வளர்ந்தவை மழைக்காலத்தில் முதலில் அழுகுகின்றன.

கோவை முள்வேலி எழுதியது:

கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். நிழலில் ஊதிப் பெருத்தவை ஐப்பசி மழையைத் தாங்குவதில்லை. அதனால்தான் பாளைத் தம்பியை டப்பாவை வீட்டுக்குள் கொண்டுபோகச் சொல்லாமல் துணி மட்டும் கட்டச் சொன்னேன்.

நிறத்துக்காக வளர்ப்பது பெரிய செடியில் செய்ய வேண்டிய விளையாட்டு. முதல் ஆண்டில் நாற்றுக்கு ஒரே வேலை, பெருப்பது. சிறியது ஒரு நாள் காய்ந்தால் போயிற்று. பட்டாணி அளவு தாண்டியது ஒரு வாரம் தாங்கும். ஆழ்ந்து சிவந்த நாற்று வெளிச்சத்தைத் தடுக்கச் செலவழிக்கிறதே தவிர வளர்வதில்லை. ஒரே விதைப்பில் பாதியைச் செம்பு நிறத்திலும் பாதியைத் துணியின்கீழும் வைத்து ஆறு மாதம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பச்சையில் லேசாகப் பழுப்பு ஓடுகிற நிலைதான் என் கணக்கு. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினால் சிவக்கும் என்ற எல்லையில் நிற்கிறது என்று பொருள்.

பாளைத் தம்பிக்கு: துணியை ஆனி மாதம்வரை எடுக்க வேண்டாம். எடுக்கும்போது மேகமூட்டமான வாரமாகப் பார்த்து எடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பால்கனித் தரை சுடும், டப்பாவின் அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். ஊதா விளக்கை யாருக்காவது கொடுத்துவிட்டு இன்னொரு வெள்ளை டியூப் வாங்குங்கள். வெள்ளை ஒளியிலும் நாற்று நன்றாகவே வளரும், உங்களுக்கும் அதன் உண்மை நிறம் தெரியும்.